மிலொராட் அண்ணையின் நாற்பதாம் நாள்

தைப்பொங்கலன்று காலை, சுவிசில் பேர்ண் நகரத்துக் கோயில் சமையலறையில் பெரிய கிடாரத்தில் பொங்கல் கிண்டிக்கொண்டு நிற்கும்போது கைபேசி அடித்தது. எடுத்தால் ஸ்னெஜானா, மிலொராட் அண்ணையின் மனைவி. சேர்பியர்களின் பழைய நாட்காட்டிப்படி வருகிற புதுவருசமும் எங்கள் பொங்கலும் ஏறக்குறைய ஒரே நாளில் விழும். வருசா வருசம் ஆளுக்காள் வாழ்த்துச் சொல்லுவோம். அதற்குத்தான் கூப்பிடுகிறா என்று நினைத்து, அவ வாய் திறக்க முதலே, அகப்பையோடு நின்றபடி உரத்துப் புதுவருச வாழ்த்துச் சொல்லிவிட்டேன். பிறகு, "மிலொராட் செத்துப்போனான், நவம். விடியக்காலமை. நெஞ்சு நிண்டுபோச்சு" என்றா.

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, ஆரும் மோசமோ?" என்று கேட்டார். என்னோடு வேலை செய்த சேர்பியன் ஒருவர் என்று சொன்னேன். "அப்ப உரித்துக்காரர் இல்லை. துடக்கில்லைத்தானே? கிண்டு, கிண்டு, அடிப்பிடிக்கப் போகுது" என்றார். அவரில் பிழையில்லை. இரத்த உறவு செத்தால்தான் தீட்டு, கோயிலில் நிற்கக்கூடாது. முறைப்படி அவர் சொன்னது சரி. நான் கிண்டினேன். கண்ணீர் கிடாரத்துக்குள் விழுந்துவிடக் கூடாதென்று முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கிண்டினேன்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிலொராட் இங்கே ஒரு வைத்தியசாலைச் சமையலறையில் என்னோடு கோப்பை கழுவினவர். வேலை முடிந்து உடுப்பு மாற்றினால் அவர் வேறு மனுசன். சேர்பியர்களின் கோயில்களில் ஒருகாலத்தில் பாடப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட ஒற்றைக் குரல் பாட்டை இந்த ஊரில் திரும்ப எழுப்பிவிடலாம் என்று நம்பினவர். ஒருவர் பாடுவார், அதற்குக் கீழே இன்னொருவர் ஒரேயொரு சுரத்தை விடாமல் பிடிப்பார். அந்தக் கீழ்ச்சுரத்துக்கு அவர்கள் சொல்லுகிற பெயர் ஈசோன். மேலே பாடினவர் அவர். கீழே பிடித்தவன் நான்.

அவருக்கு இருந்த ஒரே ஆசையை எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். "நான் செத்தால் எனக்கு நாலு குரலில பாடாதேங்கோ. ஒரு குரல், கீழ ஈசோன். அவ்வளவுதான். அதுகூட இல்லாட்டி நான் என்னத்துக்கு இவ்வளவு காலம் கத்தினனான்?" ஸ்னெஜானாவுக்கும் அது நினைவிருந்தது. உடலை ஊருக்கு அனுப்புகிறோம், அங்கே ஊர்ப் பாதிரியார் தனக்குத் தெரிந்ததைப் பாடி மண்ணுக்குள் தாட்டுவிடுவார், அதில் நாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது என்றா. "ஆனா நாற்பதாம் நாள் இஞ்சை, பேர்ண் சேர்ச்சில வைக்கிறம். அதுவரைக்கும் உயிர் எங்களைச் சுத்தித்தான் நிக்குமாம். அண்டைக்கு அவன் கேட்டமாதிரிப் பாடவேணும். நீதான் பொறுப்பு, நவம்." ஓம் என்று சொல்லிவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது உடைந்த ஜேர்மன். இருவருக்குமே இலக்கணம் சரிவராது. அவர் சொன்னதெல்லாம் எனக்குள் எங்கள் ஊர்த் தமிழாகவே இறங்கிக் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

எங்களுடைய பழக்கம் தொடங்கியது கோப்பை கழுவுகிற மெஷினில். ஆறேழு பேர் படுக்கக்கூடிய நீளத்தில் இருக்கும். அழுக்குத் தட்டு ஒரு பக்கத்தால் போய் மற்றப் பக்கத்தால் ஆவி பறக்க வரும். ஓடும்போது ஒரே சுரத்தில் இரைந்துகொண்டிருக்கும். மிலொராட் அழுக்குப் பக்கம், நான் சுத்தப் பக்கம். அவர் தன்பாட்டில் ஏதோ பாடுவார். மெஷினின் இரைச்சலைச் சுருதியாக வைத்துத்தான் பாடுகிறார் என்று எனக்குக் கேட்டவுடனேயே விளங்கிவிட்டது. என்னை அறியாமல் நானும் வாயை மூடிக்கொண்டு அந்தச் சுரத்தைப் பிடிக்கத் தொடங்கினேன். ஒருநாள் ஒரு தட்டு சிக்கி மெஷின் நின்றுபோனது. இரைச்சல் போய்விட்டது, என் சுரம் மட்டும் நின்றது. அவர் பாட்டை விடவில்லை. கடைசி வரை பாடி முடித்துவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். "நீ மூச்சு எங்கை எடுத்தனீ?" என்று கேட்டார். "ஒளிச்சு எடுத்தனான்" என்றேன். மனுசன் ஈரக் கையுறையோடு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

ஒளித்து மூச்செடுப்பது என் வீட்டுத் தொழில். என் ஐயா நாதஸ்வரக் கோஷ்டியில் ஒத்து ஊதினவர். நாதஸ்வரம் போலவே நீண்ட குழல், ஆனால் விரலுக்கு வேலையில்லை. ஒரே சுரம், விடாமல். இளவட்டத்தில் நானும் ஊதினேன். மேளத்தைப் பார்ப்பார்கள், நாதஸ்வரத்தைப் பார்ப்பார்கள், ஒத்துக்காரனை ஒரு நாயும் பார்க்காது. சாப்பாட்டுப் பந்தியிலும் கடைசி ஆள். பிறகு சுருதிப்பெட்டி வந்தது, அந்தக் கடைசி இடமும் போய்விட்டது. நான் சுவிசுக்கு வந்து எத்தனையோ வேலை செய்தேன். எனக்கொரு தொழில் தெரியும் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன பிரயோசனம்? ஒத்துக்காரன் தேவை என்று ஆர் விளம்பரம் போடப் போகிறான்?

மிலொராட் போட்டார். அன்றிலிருந்து என்னைக் "கூமே" என்று கூப்பிடத் தொடங்கினார். கலியாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் நின்று, பிறக்கிற பிள்ளைக்கு ஞானத் தகப்பனாயும் வருகிறவனுக்கு அவர்கள் சொல்லுகிற உறவுச்சொல் அது. இரத்த உறவைவிடப் பெரிது என்பார்கள். அவருடைய கலியாணத்துக்கும் நான் நிற்கவில்லை, அவருடைய மகன் மார்க்கோவுக்கும் நான் ஞானத் தகப்பனில்லை. அதைச் சொன்னால், "ஈசோன் பிடிக்கிறவனைவிட வேற கூம் ஆர்?" என்பார். நானும் அவரை அண்ணை என்றேன். அந்தச் சொல்லை அவர் வடிவாகச் சொல்லப் பழகி, சமையலறையில் தமிழ் ஆட்களையெல்லாம், எங்கள் தங்கச்சிமார் உட்பட, அண்ணை என்று கூப்பிட்டுத் திரிந்தார். திருத்தினாலும் கேட்கமாட்டார்.

நாங்கள் நாலு பேர் சேர்ந்தோம். அவர், நான், பஸ் ஓட்டுகிற கோரான், பல்வைத்தியரிடம் வேலை செய்கிற வெஸ்னா. எங்கள் கோயில் இருக்கிற கட்டடத்திலேயே, பல சமயத்தவரும் பாவிக்கிற ஓர் அறையைச் சனிக்கிழமைகளில் எடுத்துப் பழகினோம். நான் ஒரு பெரிய பிழை விட்டேன். சேர்பியன் ஒருவனும் விடமாட்டான், ஒத்துக்காரன் மட்டுமே விடக்கூடிய பிழை. அவர்களுடைய பாட்டு நடுவில் ஓரிடத்திலிருந்து எழும்பி வேறோர் இடத்தில் போய்க் குந்தும். அப்போது கீழே பிடிக்கிறவனும் கூடவே நகரவேண்டும். எனக்கு அது ஏலவில்லை. கோஷ்டியே எழும்பி ஓடினாலும் சுரத்தை மாற்றாதே என்று ஐயா என் தலையில் குட்டிக் குட்டிப் பழக்கியது. பாட்டு போகும், நான் நிற்பேன். மேலும் கீழும் முட்டி, பல்லுக் கூசும். வெஸ்னா காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பா.

மிலொராட்டுக்கு விசர் ஏறிவிட்டது. "என்ன மனுசனடா நீ! வீடு மாறியாச்சு, நீ பழைய வீட்டு வாசலிலயே நிக்கிறாய்!" என்று கத்தினார். "எங்கடை ஊரில சுருதி நகராது அண்ணை. நகர்ந்தால் அது சுருதியில்லை" என்று நானும் கத்தினேன். அவர் கொஞ்சம் அமர்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. "நிலம் நகராது எண்டு நினைக்கிறாய். நீயும் நானும் நிலம் நகர்ந்தபடியால்தானே கூமே இஞ்சை நிக்கிறம்?" அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பழகினேன். ஆனால் சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் எனக்கு அது தானாக வரவில்லை. அவர் தன் இடது கையை மெல்ல உயர்த்திக் காட்டினால்தான் நகருவேன். அந்தக் கையைப் பார்த்தபடியே நிற்பேன்.

முதல்முதல் அவர்களுடைய சேர்ச்சில் நாங்கள் பாடிய ஞாயிற்றுக்கிழமை நல்ல வெய்யில். நன்றாகப் பாடினோம். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. முடிந்து வெளியே கோப்பி குடிக்கப் போனால் சனம் எங்களைச் சுற்றி நிற்கவில்லை, ஒதுங்கி நின்றது. கடைசியில் ஒரு பெரியவர் வந்து, மிலொராட்டின் தோளில் தட்டி, "பள்ளிவாசலுக்கு வந்தமாதிரிக் கிடந்தது, மிலொராட்" என்றார். வேறொருவர், எங்கள் தகப்பன்மார் துருக்கியனோடு சண்டை பிடித்தது இதைக் கேட்கவோ என்றார். அவர்களுக்கு, ஒரே நேரத்தில் நாலு சுரம் சேர்ந்து ஒலிக்கிற நாலு குரல் பாட்டுத்தான் சேர்பியப் பாட்டு. அதுதான் இடையில் வெளியாலிருந்து வந்தது, எங்களுடையது இதுதான் என்று மிலொராட் எத்தனை தரம் விளங்கப்படுத்தினார்! கேட்க ஆளில்லை. அடுத்த கிழமை நாலு குரல்காரர் திரும்ப ஏறி நின்றார்கள். எங்களுக்கு மாதத்தில் ஒருதரம், பூசைக்கு முந்தி, சனம் வந்து சேராத நேரம் தந்தார்கள்.

பிறத்தியான் ஒதுக்கினால் கோபம் வரும். தன்னுடைய சனம் ஒதுக்கினால் என்ன வரும்? அவருக்கு வெட்கம் வந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவர்களுக்கு வருசத்தில் ஒருநாள் வீட்டுப் புனிதருக்குக் கொண்டாட்டம். அவித்த கோதுமையில் சீனியும் அக்ரூட்டும் சேர்த்துச் செய்து வாசலிலேயே வைத்திருப்பார்கள். வருகிறவன் முதலில் அதில் ஒரு கரண்டி சாப்பிடவேண்டும். முதல் வருசம் நான் போகவில்லை. கூப்பிடாமல் எப்படிப் போவது? என் மனிசி சாந்தியும், "ஒரு வார்த்தை சொல்லேல்லை, நீங்கள் ஏன் மானங்கெட்டுப் போறியள்?" என்றா. அடுத்தநாள் வேலையில் மிலொராட் என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம்தான் வெடித்தார். அந்த நாளுக்கு ஒருவரையும் கூப்பிடுவதில்லையாம். கூப்பிட்டால்தான் அவமரியாதையாம். கதவு திறந்திருக்கும், தன்னுடையவன் என்று நினைக்கிறவன் வருவானாம். "பின்னேரம் வரைக்கும் கதவைப் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். நான் நடந்ததைச் சொல்ல, இரண்டு பேரும் தட்டுகளுக்கு நடுவில் நின்று வயிறு நோகச் சிரித்தோம்.

அடுத்த வருசம் சாந்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடு நிறையச் சனம். சாப்பாடு முடிந்தபிறகு மிலொராட் எழும்பி ஒரு பழைய நாட்டுப் பாட்டைத் தொடங்கினார். வெஸ்னாவும் சேர்ந்து எடுத்தா. இரண்டு குரலும் கிட்டக்கிட்ட, ஒன்றில் ஒன்று உரசியபடி போகும். கேட்டுப் பழகாதவனுக்கு அபசுரம் போலத்தான் இருக்கும். அந்த உரசல்தான் அதன் உயிர் என்பார் அவர். ஒரு அடி முடியவில்லை, பிள்ளைகள் இருந்த அறைக்குள் ஸ்பீக்கரைப் போட்டார்கள். கீபோர்ட், டமார் டமார் என்று அடி. மார்க்கோ எட்டிப் பார்த்து, "அப்பா, இண்டைக்கு வேண்டாமே, ப்ளீஸ்" என்றான். கெட்ட பிள்ளையில்லை, மரியாதையாய்த்தான் கேட்டான். மிலொராட் பாட்டை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல எனக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி போட்டார். சாந்தி ட்ராமில் வரும்போது, "பாவம் மனுசன்" என்றா.

நொஷாட்டல் கோஷ்டியைப் பற்றிச் சொல்லாவிட்டால் அநியாயம். பிரெஞ்சுக்காரப் பக்கத்துச் சுவிஸ் ஆட்கள் சிலர் எங்கேயோ கேள்விப்பட்டு அவரிடம் பழக வந்தார்கள். வாத்திமார், ஒரு கட்டடக் கலைஞர், யோகா படிப்பிக்கிற ஒரு பெண். ஏரிக்கரையில் ஒரு வீட்டில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு மெத்தைகளில் கண்ணை மூடி இருப்பார்கள். சொன்னால் நம்பமாட்டீர்கள், சேர்பியர்களைவிட அவர்கள்தான் பாட்டைச் சரியாகப் பிடித்தார்கள். நாட்டுப் பாட்டில் அந்த உரசலை மட்டும் ஒருவர் கொஞ்சம் அகட்டி, கேட்க இதமாக மாற்றிப் பாட, மிலொராட் எழும்பி, "சீனி போடாதேங்கோ!" என்று கத்தினார். மற்றபடி அவர்களில் அவருக்கு நிறைய நன்றி. திரும்பி ரயிலில் வரும்போது ஒருநாள் சொன்னார்: "வடிவாப் பாடுகினம். ஆருக்குப் பாடுறியள் எண்டு கேட்டன். தங்களுக்கு மனம் அமைதியாகுதாம். எனக்கு இதைப் பாடினால் ஒருநாளும் மனம் அமைதியானதில்லை, கூமே."

பிறகு எல்லாம் ஒன்றொன்றாய்க் கழன்றது. கோரான் பென்சன் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வீடு கட்டினார். வெஸ்னா கலியாணம் செய்து சூரிச் பக்கம் போய்விட்டா. மாதத்தில் ஒருதரம் என்று தந்த நேரமும் ஆளில்லாமல் விட்டுப்போனது. மிலொராட்டுக்கு நெஞ்சு வருத்தம் வந்து வேலையைக் குறைத்தார்கள். மூச்சு இழுத்தது. பாட்டுக்காரனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால் வேறென்ன மிச்சம்? ஆனாலும் சனிக்கிழமைகளில் அந்த அறைக்கு இரண்டு பேரும் வருவோம். அவர் இரண்டு அடி பாடுவார், நான் பிடிப்பேன். மேல்மாடியில் எங்கள் கோயில் மணி அடிக்கும். இப்படி வெறும் அறைக்குள் ஏன் கத்துகிறோம் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாகப் பார்த்தது அவர்களுடைய கிறிஸ்மஸ் முடிந்த கிழமை. சோபாவில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. "பிடி" என்றார். பிடித்தேன். அவர் ஒரு அடி எடுத்தார், பாதியில் மூச்சு முட்டி நின்றுபோனார். நானும் நிற்பாட்டினேன். "ஏன் விட்டனீ? நீ பிடி" என்றார். "மேல ஒண்டும் இல்லையே அண்ணை" என்றேன். "நீ பிடிச்சுக்கொண்டிரு. கீழ ஒருத்தன் நிண்டால் மேல ஆரும் வருவினம்." எனக்குப் பொறுக்கவில்லை. "ஆர் வாறது? ஆர் அண்ணை வாறது? இவ்வளவு காலமும் ஆர் வந்தது?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பிடி என்று இடது கையால் மட்டும் காட்டினார். ஸ்னெஜானா தேத்தண்ணி கொண்டு வரும் வரைக்கும் பிடித்தேன்.

நாற்பதாம் நாளுக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டேன். எனக்கு மேலே பாட ஒருவர் வேண்டும், ஒரேயொருவர். கோரானுக்கு ஊருக்குப் போன் அடித்தேன். அவர் கால் முறிந்து கட்டிலில். போனில் அழுதார், அவ்வளவுதான் அவரால் முடிந்தது. நொஷாட்டலுக்கு அடித்தேன். அவர்களும் உண்மையாகவே கவலைப்பட்டார்கள். ஆனால் அந்தக் கிழமை பள்ளிக்கூடங்களுக்குப் பனிச்சறுக்கு விடுமுறை, எல்லோரும் மலையில், வீடெல்லாம் முந்தியே எடுத்துக் காசு கட்டியாயிற்று. "நாற்பதாம் நாளை ஒரு கிழமை தள்ளி வைக்கேலாதோ?" என்று அந்த யோகாப் பெண் கேட்டா. நல்ல மனசோடுதான் கேட்டா. உயிர் போகிற நாளைத் தள்ளி வைக்க நான் ஆர்? வசந்தத்தில் அவருக்காக ஏரிக்கரையில் ஒரு நிகழ்ச்சி வைக்கிறோம் என்றார்கள். வையுங்கோ என்றேன்.

வெஸ்னா வருகிறேன் என்றா. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் அந்தக் கிழமைகளைக் கடத்தினேன். அன்று காலை சேர்ச் வாசலில் அவவைக் கண்டேன். தலையிலிருந்து கால்வரை கறுப்பு. கையைப் பிடித்தபடி தாய், அவவும் கறுப்பு. வெஸ்னாவின் தகப்பன் மார்கழியில் மோசம் போயிருக்கிறார், எனக்குத் தெரியாது. அவர்களுக்குள் தகப்பன் செத்தால் ஒரு வருசத்துக்கு வாயில் பாட்டு வரக்கூடாது. "இது பாட்டில்லைத்தானே வெஸ்னா, செபம்தானே" என்றேன். "எனக்குத் தெரியும், நவம். மிலொராட் இருந்தால் என்னைப் பேசித்தான் பாட வைப்பார். ஆனா நான் வாயைத் திறந்தால் அம்மா செத்துப்போவா" என்றா. துடக்கென்று சொல்லிக் கோயில் வாசலை மிதிக்காமல் இருக்கிற சாதி நானும்தானே. அவவின் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

நடுவில் ஒரு மேசை. அதில் அவித்த கோதுமை, ஒரு மெழுகுதிரி, அவருடைய படம். சனம் நிறைந்திருந்தது, அதையும் சொல்லவேண்டும். பாடும்போது வராத சனமெல்லாம் வந்திருந்தது. எங்கள் சமையலறை ஆட்களும் ஒரு வரிசை நின்றார்கள். நாலு குரல்காரர் ஒரு பக்கமாய்க் கைகட்டி நின்றார்கள், இன்றைக்கு நீங்கள் பாடவேண்டாம் என்று ஸ்னெஜானா சொல்லி வைத்திருந்தபடியால். பாதிரியார் நல்ல மனுசன். பாடவேண்டிய இடம் வந்ததும் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

நான் பிடித்தேன். வேறு என்ன எனக்குத் தெரியும்? கீழ்ச்சுரம் மட்டும் அந்த மண்டபத்தில் நின்றது. மேலே ஒன்றுமில்லை. வெஸ்னாவைப் பார்த்தேன், அவ உதட்டைக் கடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தா. மார்க்கோவைப் பார்த்தேன். அவனுடைய வாய் கொஞ்சம் திறந்தது. சின்னனிலிருந்து கேட்ட பிள்ளை, வந்துவிடும், வந்துவிடும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவனுக்குத் தெரியாது. தகப்பன் வீட்டில் பாடின பாட்டில் ஒரு அடிகூட அவனுக்குத் தெரியாது. அவன் அழத் தொடங்கினான். நான் ஒளித்து மூச்செடுத்து ஒளித்து மூச்செடுத்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். ஆரும் வருவினம் என்று அவர் சொன்னாரே. ஒருவரும் வரவில்லை. சனம் இருமியது, காலை மாற்றி வைத்தது.

பாதிரியாருக்கும் அந்தப் பழைய பாட்டு தெரியாது. மேசையில் மெழுகுதிரி உருகிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் எனக்கு இரங்கித்தான் தொடங்கினார், தனக்குத் தெரிந்த மெட்டில், வேறொரு சுருதியில். நாலு குரல்காரருக்கு அது பழக்கமானது, பக்கத்திலிருந்து ஒவ்வொருவராய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் சுரம் அதற்குள் தனியாய் முட்டிக்கொண்டு நின்றது. அப்போது நான் நகர்ந்தேன். ஒரு கையும் காட்டவில்லை, நானாகவே, வழுக்கிக்கொண்டு போனதுபோல அவர்களுடைய சுருதிக்குக் கீழே போய் நின்றேன். அவ்வளவு சுத்தமாய் நான் ஒருநாளும் நகர்ந்ததில்லை. அவர் உயிரோடிருந்து எத்தனை சனிக்கிழமை தொண்டை கிழியக் கத்தியும் எனக்கு வராதது, அவர் வேண்டாம் என்று சொன்ன பாட்டுக்கு வந்தது.

முடிந்து கோதுமை சாப்பிடும்போது ஸ்னெஜானா வந்து என்னைக் கன்னத்தில் மூன்று தரம் கொஞ்சினா. முகத்தில் அவ்வளவு நிம்மதி. "அவன் கேட்டமாதிரியே செய்துபோட்டாய், நவம். கேட்டிருப்பான், என்ன?" என்றா. இவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தும் அவவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "ஓம், கேட்டிருப்பார்" என்றேன். நாலு குரல்காரரின் தலைவர் வந்து கை தந்தார். உனக்கு நல்ல கீழ்க்குரல், எங்களுக்கு அந்தக் குரலில் ஆளில்லை, வியாழக்கிழமைகளில் பழகுகிறோம், வா என்றார். மரியாதையாய்த்தான் கூப்பிட்டார். வாறன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டன் என்றும் சொல்லவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது என்னவென்று யோசித்துப் பார்க்கிறேன். பாட்டு மிஞ்சவில்லை. பக்கத்தில் நின்று இத்தனை காலம் கேட்டும், மேலே அவர் பாடியதில் ஒரு அடிகூட எனக்கு வராது. கீழே பிடிக்கிறவனுக்கு மூச்சிலும் அந்தக் கையிலும்தான் கவனம். கைபேசியில் பதிந்து வைத்ததைப் போட்டுக் கேட்கிறேன், காது என்னுடைய சுரத்துக்குத்தான் போகிறது, அவரிடம் போகமாட்டேன் என்கிறது. நகரத் தெரிந்த ஒரு சுரத்தை அவர் எனக்குள் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதைக் கொண்டு வியாழக்கிழமை போனால் அவரைத் திரும்பவும் தாட்டுவிடுவேன். போகாமல் வீட்டிலிருந்தால் அது எனக்குள்ளேயே செத்துப்போகும். நாளைக்கு வியாழன்.